உரைகாரர் காணாத கண்டல்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நற்றிணைப் பாட்டொன்றை நடத்திக்கொண்டிருந்தோம். தலைவியின் ஊருக்குக் கண்டல் மரங்களே வேலி என்று புலவர் சொல்லும் இடம் வந்தது. எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி எழுந்து, "ஐயா, கண்டல் என்றால் என்ன?" என்றாள். கையிலிருந்த உரைநூலைப் புரட்டினோம். ‘கண்டல் – ஒருவகைக் கடற்கரை மரம்’ என்றிருந்தது. அதை அப்படியே சொன்னோம். அவளும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த சிறுவன், பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பயில்பவன், வைப்பீனிலிருந்து வருபவன், சற்றே தயங்கிச் சொன்னான்: "ஐயா, எங்கள் வீட்டுக்குப் பின்னால் கண்டல்தான் நிற்கிறது. நண்டு பிடிக்க நாங்கள் அதற்குள்தான் போவோம்."

நாம் தமிழை முறையாகக் கற்றுத் தேர்ந்த புலவர் அல்லேம். வரலாற்றில் இளங்கலை முடித்து, மைய அரசில் எழுத்தராய்ச் சேர்ந்து, மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு, நாள்தோறும் படகேறி எறணாகுளம் சென்று கோப்புகளோடு காலம் கழிப்பவர். ஆயினும் இருபதாண்டுக்கு மேலாக நெய்தற் பாட்டுகளைப் படித்து வருகிறோம் என்ற பெருமிதம் உள்ளூர இருந்தது. அச்சிறுவன் அன்று அதைத் தகர்த்துவிட்டான். படகின் இருமருங்கும் நாம் அன்றாடம் கண்டு கடந்த பசுமைதான் கண்டல் என்று நமக்குத் தெரியாது. அதன் விளைவாக எழுந்த சில எண்ணங்களை இம்மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றோம். நெய்தல் இலக்கியத்தை இதுகாறும் நாம் படித்து வந்த முறையைப் பற்றிய திறனாய்வு இது. அதனினும், நம்மைப் பற்றிய திறனாய்வு என்றே கொள்ளலாம்.

தொல்காப்பியர் கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்று வரிசைப்படுத்துகிறார். இதில் ‘செய்தி’ என்பது மக்களின் தொழில். மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் பறவைக்கும் மரத்துக்கும் பின்னே, அவற்றோடு ஒரே நிரையில் வைத்து எண்ணப்படுகின்றன. மனிதனை நடுவில் நிறுத்தி, ஏனையவற்றை அவனுக்குத் திரைச்சீலையாகத் தொங்கவிடும் எண்ணம் அந்நூற்பாவில் இல்லை. ஆனால் நம் கல்லூரி வகுப்புகளில் நடப்பது என்ன? முதல், கரு, உரி என்று மனப்பாடம் செய்கிறோம்; உரிப்பொருளுக்குத் தாவிவிடுகிறோம். கருப்பொருள் ‘பின்னணி’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது.

ஐங்குறுநூற்றின் நெய்தல் நூறு இதற்குத் தக்க சான்று. அம்மூவனார் பாடியது, நூறில் இரண்டு பாட்டுகள் நமக்குக் கிட்டவில்லை. அவரைச் சேரநாட்டினர் என்று கருதுவோர் உண்டு. அந்நூறின் பத்துகளுக்குப் பெயரிட்ட முறையைப் பாருங்கள்: ஞாழற்பத்து, வெள்ளாங்குருகுப்பத்து, சிறுவெண்காக்கைப்பத்து, நெய்தற்பத்து. ஒரு மரம், இரண்டு பறவைகள், ஒரு பூ. தாய்க்கும் தோழிக்கும் கிழவற்கும் பாணற்கும் தனித்தனிப் பத்து வைத்தது போலவே இவற்றுக்கும் வைத்திருக்கிறார்கள்.

சிறுவெண்காக்கையைச் சற்றே நின்று பார்ப்போம். கடற்காக்கை இனம் என்பர். பெரிய கடலின் கரையில் நிற்கும் சின்னஞ்சிறு பறவை என்ற தொடக்கம் பாட்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிறது. பெருமையும் சிறுமையும் அருகருகே நிற்க வைக்கப்படுகின்றன. அதன்பின் ஒவ்வொரு பாட்டும் அப்பறவையைப் பற்றிப் புதிதாக ஒன்று சொல்லும். ஒன்றில் அது கரிய கிளைப் புன்னையில் தங்குகிறது. இன்னொன்றில் கழியின் நீர்த்துளி ஓசையைக் கேட்டபடியே உறங்குகிறது. அயிரை மீன் தின்கிறது. கெடிற்றுக் கூட்டத்தைத் தின்கிறது. நீர் வற்றிவரும் கழியில் எஞ்சிய சிறுமீன்களை வயிறார உண்கிறது. இவற்றுள் நம்மைப் பெரிதும் கவர்வது, துறையில் கிடக்கும் அம்பியின் உட்புறத்தில் அது முட்டையிடுகிறது என்னும் செய்தி. என்ன உண்ணும், எங்கு உறங்கும், எங்கு ஈனும் என்ற மூன்றும் வந்துவிட்டன. இன்றைய பறவையியலார் தம் குறிப்பேட்டில் முதற்கண் எழுதிக்கொள்வதும் இம்மூன்றே அல்லவா?

உரையாசிரியர்கள் இக்காக்கையைத் தலைவனின் பரத்தமைக்கு உள்ளுறையாகக் கொள்வர். அதில் தவறில்லை. எனினும் உள்ளுறை வேலை செய்ய வேண்டுமாயின் கேட்பவர் அப்பறவையை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். வற்றும் கழியில் சிறுமீன் பொறுக்குவது எவ்வளவு எளிய, இழிந்த வேட்டை என்பது கண்ணால் கண்டவனுக்கே உறைக்கும். காணாதவனுக்கு உரைகாரர் சொல்லித் தரவேண்டும்; சொல்லித் தந்த உள்ளுறை உள்ளுறையாகாது, விடைத்தாள் குறிப்பாகும். கழி தூர்ந்தால் பறவை போகும். பறவை போனால் பாட்டின் பாதிப் பொருள் அதனோடு போய்விடும். பாட்டு அச்சில் இருக்கும், அவ்வளவே.

வெள்ளாங்குருகுப்பத்திலும் இவ்வாறே. குருகின் பிள்ளை செத்ததென்று காணச் சென்ற நாரை என்பது பத்துப் பாட்டுக்கும் பொதுவான அடித்தளம். அந்நாரை மிதித்ததால் நெய்தல் மலர் கண்போல் விரிவதும், அது கோதி உதிர்த்த தூவி மணற்குவியலில் கிடப்பதும் அடுத்தடுத்து வருகின்றன. ஓர் இறகு உதிர்ந்து கிடக்கும் இடத்தைக் கூட விடாது கண்ட கண் அது. நாமோ ‘நாரை – ஒரு பறவை’ என்று எழுதிக் கடந்துவிடுகிறோம்.

எல்லாரும் அப்படி எழுதினார்கள் என்று சொன்னால் நன்றி கொன்றவராவோம். புதுவை அரசில் உயர்பதவி வகித்த பி. எல். சாமி அவர்கள் சங்க நூல்களின் செடிகொடிகளையும் புள்ளினங்களையும் தனித்தனி நூல்களாக ஆராய்ந்து தந்துள்ளார். மா. கிருஷ்ணன் அவர்களின் தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பாக வந்துள்ளன. அலுவலகக் கோப்புகளுக்கிடையில் ஒருவர் இத்தகைய பணி செய்ய முடிந்தது என்பது நம்மைப் போன்ற எழுத்தர்களுக்கு ஊக்கமும் தருகிறது, சற்றே நாணமும் தருகிறது. குறை என்னவெனில், இந்நூல்கள் நூலக அடுக்கிலேயே தங்கிவிட்டன; பாடநூலின் அருஞ்சொற்பொருள் இன்னும் ‘ஒருவகை மரம்’ என்பதைத் தாண்டவில்லை.

இனிக் கண்டலுக்கு வருவோம். அச்சொல்லின் பயணம் நம் ஊரோடு தொடர்புடையது.

தமிழ்நாட்டில் இன்று அம்மரத்தொகுதியை அலையாத்திக் காடு என்றும் சதுப்புநிலக் காடு என்றும் சொல்கிறோம். அலையாத்தி நல்ல சொல்லே. ஆனால் சங்கப் புலவர் ஆண்ட ‘கண்டல்’ என்ற சொல்லைத் தினசரிப் பேச்சில் இழந்தோம். மலையாளத்தில் அது சிதையாமல் வாழ்கிறது. கண்டல்காடு என்றால் இங்கே மீன்காரர் முதல் சட்டமன்ற உறுப்பினர் வரை எவருக்கும் விளங்கும். நம் பழஞ்சொல்லை நமக்காகக் காத்துத் தந்தவர்கள் வைப்பீனிலும் ஏழோமிலும் சேறு மிதித்தவர்கள்.

1670களில் கொச்சியில் ஒல்லாந்தரின் ஆளுநராயிருந்த வான் ரீட் என்பவர் மலையாளக் கரையின் செடிகொடிகளைத் தொகுக்க முற்பட்டார். சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் தம் குடும்ப அறிவை அவருக்கு எடுத்துரைத்தார். கொங்கணி அந்தணர் மூவரும் துணை நின்றனர். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரு தொகுதிகளாக வெளிவந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட செடிகள் அதில் படத்தோடு உள்ளன. பேராசிரியர் கே. எஸ். மணிலால் அதை இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 2003இல் வெளியாயிற்று. அந்நூலில் கண்டல், கரிக்கண்டல், பேக்கண்டல், சிறுகண்டல் என்று வகை பிரித்தே பெயர்கள் பதிவாகியுள்ளன. ‘ஒருவகை மரம்’ என்று அச்சுதன் சொல்லவில்லை! பின்னர் லின்னேயஸ் அப்பெயரை எடுத்துக்கொண்டார். அதன்பின் வந்தோர் ஓர் இனத்துக்கே ‘கண்டேலியா’ என்று பெயர் சூட்டினர். நற்றிணைத் தலைவியின் ஊர்வேலி இன்று உலகத் தாவரவியல் நூல்களில் இலத்தீன் உடை அணிந்து நிற்கிறது. நாம் மட்டும் அதை அடையாளம் காணவில்லை.

அந்நூலில் ‘பயினச்சுள்ளி’ என்றொரு செடியும் உண்டு. கழிக்கரையில் முள்ளிலையும் நீலப்பூவுமாய் நிற்பது. சங்கநூல் கூறும் முண்டகம் இதுவே என்பர். யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் முசிறியை அகநானூற்றில் பாடும் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், அங்குள்ள ஆற்றைச் சுள்ளியம் பேரியாறு என்கிறார். ஆற்றின் பெயருக்கும் இச்செடிக்கும் உறவுண்டு என்று சாதிக்க நமக்குத் துணிவில்லை; படகில் செல்லும்போது அவ்வாறு எண்ணிக்கொள்வதைத் தடுப்பாரும் இல்லை.

அம்மூவனார் ஒரு பத்து முழுதும் பாடிய தொண்டியைக் கோழிக்கோட்டுக்குத் தெற்கேயுள்ள கடலுண்டி என்று கொள்வோர் உண்டு. பொன்னானிப் பக்கம் வைப்போரும் உண்டு. கடலுண்டியே எனின், அது இன்றும் கண்டலும் வலசைப் பறவையும் நிறைந்த கழிமுகம். 2007இல் ஊர்மக்களையும் உட்படுத்திய சமுதாயக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். நெய்தலின் சிறுபொழுதாகிய எற்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். கதிரவன் மறையும் நேரம் என்று பெரும்பாலோரும், காலை என்று சிலரும் உரைப்பர். மாலையில் கொச்சிக் கோட்டையின் கரையில், சீனவலைகளுக்கு அப்பால் கதிரவன் கடலில் இறங்குவதைக் காண்பவருக்கு இவ்வழக்கு எளிதில் தீர்ந்துவிடும். சோழநாட்டுக் கரையில் பிறந்த நமக்கும் இங்கு வந்த பிறகே அது தீர்ந்தது.

இக்கால இலக்கியத்துக்கு வந்தால் நிலை வேறு. தகழியின் ‘செம்மீன்’ 1956இல் வந்தது. சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கினார். நம் வீடுகளில் அதைப் படிக்காதவர் குறைவு. அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதில் கடல் ஒரு நீதிபதி. கரையிலிருக்கும் பெண்ணின் கற்பைக் கணக்கிட்டுக் கடலிலிருக்கும் ஆணைக் காக்கும் அல்லது கொல்லும். சுறாவும் ஊழின் ஏவலாளாகவே வருகிறது. நூலின் பெயர் செம்மீன். ஆனால் அந்த இறால் எங்கே வளர்கிறது என்பதை நாவல் கேட்பதில்லை. கடலில் பொரித்த இறாற்குஞ்சு கழிக்குள் நுழைந்து, கண்டலின் வேர்க்காலில் இரை தேடி வளர்ந்து, பருவம் வந்தபின் கடலுக்கு மீளும். காயற்கரைப் பொக்காளி வயல்காரர் இதை நன்கறிவர். மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் நெல், அறுத்தபின் அதே வயலில் ஏற்றநீரோடு வரும் இறால். கழியை மூடினால் கடலில் வலை வெறுமையாகும் என்பது கற்பைக் காட்டிலும் உறுதியான கடல் நியதி.

இவ்வகையில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) நமக்கு நெருங்கியதாகப்படுகிறது. விசைப்படகுக்கும் வள்ளத்துக்கும் இடையே எழும் பகையைக் குடும்பக் கதைக்குள் வைத்தார் அவர். அதனினும் கூர்மையாக இப்பொருளைத் தொட்டது கடலோரம் நிகழாத ஒரு கதை: சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966). புளியமரம் சாகும் கதை என்றே எல்லாரும் நினைவில் வைத்துள்ளனர். அம்மரம் முன்னொரு காலத்தில் குளத்தின் நடுவே நின்றதும், மன்னர் ஆணையால் அக்குளம் தூர்க்கப்பட்டதும், காற்றாடி மரத்தோப்பு வெட்டப்பட்டுப் பூங்காவானதும் அதே நூலில் உண்டு. வளர்ச்சி என்ற பெயரால் முதலில் நீர்நிலை, பிறகு தோப்பு, கடைசியில் தனிமரம் என்ற வரிசையை ஆசிரியர் முழங்காமல் சொல்லிச் செல்கிறார். மலையாளத்தில் பஷீரின் ‘பூமியின் அவகாசிகள்’ கதையில், தென்னந்தோப்பு வாங்கியவரிடம் வௌவாலும் அணிலும் பாம்பும் பங்கு கேட்டு வருகின்றன. இளநீரைத் துளைக்கும் வௌவாலுக்கும் உரிமையுண்டு என்கிறார் கதைசொல்லி. பஷீர் எறணாகுளத்தில் புத்தகக்கடை நடத்தியவர். அதே நகரில், உயர்நீதிமன்றத்தின் பின்புறம், மூன்று ஹெக்டேருக்கும் குறைந்த மங்களவனம் என்ற கண்டல்காட்டில் இன்றும் வௌவால்கள் தொங்குகின்றன. 2004இல் அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. வழக்காட வருவோர் அவற்றை நிமிர்ந்து பார்ப்பது அரிது.

பழந்தமிழர் இயற்கையைத் தெய்வமென வைத்துக் காத்தனர் என்று மேடைகளில் முழங்குவது எளிது. நாம் அதற்கு உடன்படோம். பட்டினப்பாலை, காடழித்து நாடாக்கிய செயலையே கரிகாலனின் புகழாகப் பாடுகிறது; சினைச்சுறாவின் கோட்டை நட்டு வழிபடும் பரதவரையும் அதே நூல் காட்டுகிறது. கோடு வேண்டுமாயின் சுறாவைக் கொல்லத்தானே வேண்டும்? தாமே விதைத்த புன்னையை ‘உன் தங்கை’ என்று தாய் சொல்லக்கேட்டு, அதன் நிழலில் காதலனோடு சிரிக்க நாணிய நற்றிணைப் பெண்ணும் நம் முன்னோளே. காடழித்த வேந்தனும் நம் முன்னோனே. இரண்டையும் மறைக்காமல் குழந்தைகளுக்குச் சொல்வதே நேர்மை. வேறுபாடு ஒன்றுண்டு: அவர்கள் அழித்ததன் பெயரை அறிந்திருந்தார்கள்.

பெயர் அறியாமை சிறு குற்றமன்று என்பதை எழுத்தர் என்ற முறையில் உணர்கிறோம். நிலப் பதிவேட்டில் சதுப்பு என்பது நெடுங்காலம் தரிசு. தரிசு என்று ஒருமுறை எழுதப்பட்ட நிலத்தை நிரப்புவதற்கு எவர் மனமும் கூசாது. கோப்பு தடையின்றி நகரும். நாம் வாழும் இந்நகரே அதற்குச் சாட்சி. 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ கழிமுகத்து மணல்திட்டை அகழ்ந்து துறைமுகம் அமைத்தார். அகழ்ந்த மண்ணால் எழுந்ததே வில்லிங்டன் தீவு. அத்துறைமுகம் வந்திராவிடில் நம்மில் பலருக்கு இங்கு வேலையில்லை, இச்சங்கமும் இல்லை. ஆகவே அகழ்ந்ததெல்லாம் பாவம் என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் 2020 சனவரியில் மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறியமைக்காக உச்சநீதிமன்ற ஆணையின்படி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதை நம் குடும்பங்கள் தொலைக்காட்சியில் கண்டன. அவற்றுள் ஒன்றின் பெயரிலேயே ‘காயலோரம்’ இருந்தது. வேம்பநாட்டு ஈரநிலம் 2002 முதல் ராம்சார் பட்டியலில் உள்ளது. அப்பட்டியலில் பெயர் இருந்தும் கட்டடங்கள் எழுந்தன, வீடு வாங்கிய எளியோரும் தவித்தனர்.

இதற்கு எதிர்முனையில் ஒரு மனிதர். கண்ணூர் மாவட்டம் ஏழோத்தில் 1937இல் புலையர் குடியில் பிறந்த கல்லேன் பொக்குடன். பழையங்காடி ஆற்றங்கரை வரப்பில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளைக் காற்றும் அலையும் வருத்துவது கண்டு, 1989 வாக்கில் கண்டல் நாற்று நடத்தொடங்கினார். 2015இல் மறையும்வரை அவர் நட்டவை இலட்சத்தைத் தாண்டும் என்பர். கேரளத்துக் கண்டலின் பெரும்பகுதி இன்று கண்ணூர் மாவட்டத்திலேயே உள்ளது. கண்டற்காடுகளுக்கிடையே கழிந்த தம் வாழ்க்கையை அவர் தன்வரலாறாகவும் தந்துள்ளார். தாங்குவேர்களைத் தாறுமாறாய் வீசி நிற்கும் ஒரு வகைக்கு அப்பகுதியில் ‘பிராந்தன் கண்டல்’ என்று பெயர். சேற்றில் நாற்று நட்ட அவரையும் முதலில் ஊர் பைத்தியம் என்றே எண்ணியிருக்கும். அவர் நற்றிணை படித்தவரல்லர். ஆனால் கண்டலை ஊருக்கு வேலியாக வைத்த நற்றிணைப் புலவருக்கு, நாம் படித்த உரைகள் அனைத்தினும் மெய்யான உரை எழுதியவர் அவரே. 2004 ஆழிப்பேரலையில் பிச்சாவரத்துக் காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள் பெரிதும் தப்பின என்ற செய்தி வந்தபோதுதான் தமிழ்நாட்டில் நாம் ‘வேலி’ என்பதன் பொருளை உணர்ந்தோம்.

சிறுவன் சொன்னதற்கு இரண்டு வாரங்கள் கழித்து வகுப்பை வைப்பீனுக்கு மாற்றினோம். பிள்ளைகள் பதினோருவர், பெற்றோர் நால்வர், அவர்களுள் ஓர் அம்மையார் புடவை சேறாகும் என்று கரையிலேயே நின்றுவிட்டார். சிறுவனின் பாட்டனார் கழியோரம் அழைத்துச் சென்று, இது உப்பட்டி, இது பிராந்தன், இது சுள்ளி என்று கைதொட்டுக் காட்டினார். கிளையிலேயே முளைவிட்டுத் தொங்கிய காயைப் பறித்து, நட்டால் பிழைக்கும் என்று சேற்றில் செருகினார். குருகு ஒன்று அசையாமல் நின்றது. கபிலரின் குறுந்தொகைத் தலைவி, தன் மணத்துக்குச் சாட்சி ஆரல் பார்த்து நின்ற குருகு ஒன்றே என்று வருந்துவது குறிஞ்சித்திணைப் பாட்டு. எனினும் அதை அங்கேயே சொன்னோம். பிள்ளைகள் குருகைப் பார்த்தார்களேயன்றி நம்மைப் பார்க்கவில்லை.

கேள்வி கேட்ட பெண் தன் குறிப்பேட்டில் ‘ஒருவகைக் கடற்கரை மரம்’ என்றிருந்ததை அடித்துவிட்டு, பாட்டனார் சொன்ன மூன்று பெயர்களை எழுதி, எதிரே இலைகளைப் படமாக வரைந்திருக்கிறாள். சுள்ளியின் முள்ளிலை நன்றாக வந்துள்ளது. வரும் ஞாயிற்றுப் பாடத்தில் அடும்பு வருகிறது. உரையில் பார்த்துவிட்டோம், ‘ஒருவகைக் கொடி’ என்றுதான் இருக்கிறது. மணற்கரையில் எங்கே படர்ந்திருக்கிறது என்று பாட்டனாரைக் கேட்டுவரச் சிறுவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.